சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய கட்டில்

ஓசூர்
13.6.2021

அன்புள்ள சுவாதிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் காய்ச்சல் இல்லாமல், குழம்பில் உப்பு கூடினால் அது தெரிகிற அளவுக்கு நாக்கு ருசியோடு இருக்கிறோம். அயர்லாந்தில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் அம்மா வாங்கிக்கொண்டு நீ சாப்பிட்டாயா என்று கேட்கப் போய்விடுகிறாள், அதனால்தான் கடிதம். உன் பெரியப்பா ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்து வந்தது உனக்குத் தெரியும். இரண்டு மணி நேரம் அவரை ஆக்சிஜன் இல்லாத மூலையில் தள்ளி வைத்தது யார் என்பது தெரியாது. அதைச் சொல்கிறேன்.

போன மாதம் கொரோனாவால் எங்கள் கம்பெனியில் உற்பத்தி லைன் நின்றுபோனது. எனக்குப் பின்னால் சேர்ந்து, எனக்கு மேலே போய் உட்கார்ந்த பாஸ்கரன் என்னைக் கூப்பிட்டு, சார் நீங்கதான் குவாலிட்டில சீனியர், நோயாளிங்க பாதுகாப்புல என்ன ரிஸ்க் இருக்குன்னு அந்த ஆஸ்பத்திரிக்கு ஆராய்ஞ்சு குடுங்க, நம்ம கம்பெனிக்குப் பேரு என்றார். பேர் கம்பெனிக்கு, போட்டோ அவருக்கு, வேலை எனக்கு, மேலே யார் உட்கார்ந்தாலும் இருபத்து நான்கு வருடமாக இதே பங்கீடுதான். ஆஸ்பத்திரி என்றால் கொரோனாவுக்காகத் தற்காலிகமாக மாற்றிய கல்யாண மண்டபம், சாப்பாட்டுக் கூடத்தில் நாற்பது கட்டில், இரண்டு நர்ஸ், ஒரு டாக்டர். கட்டில் தள்ள, சிலிண்டர் தூக்க எங்கள் கம்பெனியின் ஒப்பந்தத் தொழிலாளர்களையே அனுப்பியிருந்தார்கள். மாடியில் மணமகள் அறையில் ரிஸ்க் கமிட்டி. முதல் நாள் முழுக்கப் படிவத்தில் எந்த முத்திரை மேலே வர வேண்டும் என்று பேசினோம். எந்தத் தப்பு நடக்கலாம், எவ்வளவு கடுமை, எவ்வளவு அடிக்கடி என்று ஒன்றிலிருந்து பத்துவரை மார்க் போட வேண்டும், மார்க் கூடினால் ஆபத்து கூடுதல். பார்வையாளர் செருப்புக்கு ஒன்பது விழுந்தது, சிலிண்டர் தீர்ந்துபோவதற்கு ஆறு. நீ போனில், அப்பா மேலே உட்கார்ந்து எழுதாதீங்க, ஒரு ஷிஃப்டாவது கீழே நில்லுங்க என்றாய். பி.ஈ. படித்தவனுக்கு நர்ஸ் சொல்லித் தருவதா என்று நினைத்தேன், அதையும் மறைக்கவில்லை.

கட்டில் காலில் நிற ஸ்டிக்கர் ஒட்டலாம் என்றது என் யோசனை. பச்சை என்றால் தேறி வருபவர், மஞ்சள் என்றால் கவனிக்க வேண்டியவர், சிவப்பு என்றால் உடனே பார்க்க வேண்டியவர். டாக்டருக்கும் நர்ஸுகளுக்கும் விளக்கினேன். கட்டில் தள்ளுகிறவர்களுக்கு விளக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு உத்தனப்பள்ளியிலிருந்து பெரியப்பாவைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். நர்ஸ் சிவப்பு ஒட்டிவிட்டு, டாக்டர் இருக்கும் பக்கம் கொண்டுபோவார்கள் என்று நம்பி அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். டாக்டர் மாடியில் எங்கள் கமிட்டியில். கடுமையான நோயாளி கவனிக்கப்படாமல் போகும் வாய்ப்பு என்ற வரிக்கு, ஸ்டிக்கர் இருப்பதால் நடக்கவே நடக்காது என்று சொல்லி நான் ஒரு மார்க் போட்டேன். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள், பிஸ்கட் வந்தது. பத்து மணிக்கு அறிக்கையில் சேர்க்க ஸ்டிக்கரைப் போட்டோ எடுக்கலாம் என்று இறங்கினேன். கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு கட்டில், காலில் சிவப்பு. கிட்டப் போய்ப் பார்த்தால் என் அண்ணன் கோவிந்தப்பன், உதடு நீலம் பாய்ந்து கிடக்கிறார்.

கட்டில் தள்ள வந்து பக்கத்தில் நின்ற சுடலைமுத்துவைப் பிடித்து உலுக்கினேன். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், என்னிடம் பயிற்சி எடுத்தவன். அவன் மிரண்டுபோய், செவப்பு ஒட்டுனா ஓரமா வைக்கணும், நீங்க வந்து கையெழுத்துப் போடுத வரைக்கும் யாரும் தொடக்கூடாதுன்னு நீங்கதான சார் சொல்லிக் குடுத்திய என்றான். கம்பெனியில் கழித்துப் போட்ட பாகத்துக்கு அதுதான் விதி. பத்து வருடமாக அதை அவர்கள் தலையில் ஏற்றியவன் நான். அவன் விதியைத் தவறவில்லை, எனக்காகக் காத்திருந்தான். இரண்டு பேரும் கட்டிலைத் தள்ளிக்கொண்டு சிலிண்டரிடம் ஓடினோம்.

எட்டு வருடமாக அவரோடு நான் பேசவில்லை, எனக்குத் தெரியாமல் உன்னை நர்ஸிங் கல்லூரியில் சேர்த்துவிட்டு வந்தார் என்ற கோபத்தில். நான்காம் நாள் மூச்சு சீரானதும் அவரே பேசினார். ஏண்டா, என்னை வேண்டாம்னு கழிச்சுப் போட உனக்கு இவ்ளோ படிப்பு தேவைப்பட்டுச்சா என்றார். சாயங்காலம் ரசம் கொண்டுபோய்க் கொடுத்தேன், அதிலும் குறை சொல்லிக்கொண்டே குடித்தார். இப்போது வீட்டில் இருக்கிறார், சானமாவு காட்டு யானைகள் தக்காளித் தோட்டத்துக்கு வந்துவிடும் என்று காவலுக்குக் கிளம்புகிறாராம், நீ போனில் அதட்டு. நான் அதட்டினால் வேண்டுமென்றே போவார்.

அறிக்கையில் அந்த ஒரு மார்க்கைப் பத்து ஆக்கி, ஆராய்ந்தவன் வார்டுக்கு இறங்கவில்லை என்று காரணமும் எழுதினேன். பாஸ்கரன், சார் இதெல்லாம் ஆடிட்ல மாட்டிக்கும், ஊழியர் கவனக்குறைவு, பயிற்சி அளிக்கப்பட்டதுன்னு மாத்திடுங்க என்கிறார். சுடலைமுத்துவின் பேரைப் போடப் பார்க்கிறார்கள். போட்டால் அவன் வேலை போகும். அதனால் அறிக்கையின் அட்டையில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி என் மேசை ஓரத்தில் வைத்துவிட்டேன். நான் கையெழுத்துப் போடும்வரை கம்பெனி விதிப்படி யாரும் தொட முடியாது.

அதன் நகலை இதோடு வைத்திருக்கிறேன். மார்க் போடும் கட்டங்களைக் காலியாக விட்டிருக்கிறேன், நீ நிரப்பி அனுப்பு. நீ போடுகிற எண்ணுக்குக் கீழேதான் நான் கையெழுத்துப் போடுவேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, முகக்கவசத்தை இறுக்கிக் கட்டு. பெரியப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமை போன் செய்ய மறக்காதே, நான் சொல்லித்தான் செய்கிறாய் என்று மட்டும் சொல்லாதே. நீ பார்க்கும் நோயாளிகளும் நீயும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
நாராயணப்பன்