வேலிக்காத்தானும் நேர்ந்துவிட்ட கிடாவும்

என் கூடப் பிறந்த ராசா, இசக்கி அண்ணே,

உன் போட்டோ முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். ரெண்டு வார்த்தை பேசுமுன் மதினி அடுப்படியில் மூக்கைச் சிந்த ஆரம்பித்துவிட்டாள். சரி, எழுதியே விடுவோம் என்று உட்கார்ந்தேன். எழுதி, தாராவியில் நம்ம ஆட்களின் வாசகசாலைப் பலகையில் ஒட்டப் போகிறேன். உன்னிடம் விதை வாங்கினவர்கள் எல்லாரும் அங்கேதான் பேப்பர் பார்க்க வருகிறார்கள். நீ கேட்கிறபோது அவர்களும் கேட்கட்டும்.

“ஏட்டி பேச்சி, நல்ல சேதி ஏதும் உண்டா?” என்றுதான் முதலில் கேட்பாய். இல்லை அண்ணே. சுனாபட்டியில் நாம் கீரை போடுகிற தோட்டம் கையை விட்டுப் போகிற நிலைமையில் இருக்கிறது. நிலத்துக்காரச் சேட்டு போன வாரம் வந்தார். வழக்கமாக முதல் பாத்தி வரைக்கும் நடந்து வந்து, தண்டங்கீரை ஒரு கட்டு வாங்கிக்கொண்டு போவார். இந்தத் தடவை ரோட்டை விட்டு இறங்கவே முடியவில்லை. வேட்டி முள்ளில் மாட்டிக் கிழிந்துவிட்டது.

“பாரிஷ் கே பெஹலே ஸாஃப் கரோ, நஹீ தோ காலி கரோ” என்றார். மழைக்கு முன்னால் முள் அத்தனையும் போயிருக்க வேண்டும், இல்லையென்றால் நாம் போக வேண்டும். இடத்தை லாரி நிறுத்துகிறவர்களுக்கு விடப் போகிறாராம். ஒன்பது குடும்பம் அந்தக் கீரையில் சாப்பிடுகிறது. மதினியும் பிள்ளைகளும் அதில்தான் சாப்பிடுகிறார்கள்.

என்ன முள் என்று நீ கேட்க மாட்டாய். நீ கொண்டுவந்ததுதான்.

அந்த வருஷம் ஊருக்குப் போய்த் திரும்பினபோது துணிப்பை நிறைய மஞ்சள் நெற்று கொண்டுவந்தாயே. கருப்பட்டி இருக்கும் என்று பையைப் பிடுங்கினவள் நான். “என்ன அண்ணே இது, மாட்டுத் தீவனமா?” என்று கேட்டேன். “ஏ கூறுகெட்டவளே, வேலிக்காத்தான்டீ. ஊர்ல இப்ப எல்லாவனும் இதத்தான் போடுதான். தண்ணி வேண்டாம், காவல் வேண்டாம். நம்ம உடைமரத்துக்கு ஒண்ணுவிட்ட தம்பின்னு வச்சுக்கயேன்” என்றாய். ரயில்பாதைப் பக்கமிருந்து மாடுகள் இறங்கிப் பாத்தி பாத்தியாக நாசம் பண்ணிக்கொண்டிருந்த நேரம் அது. கம்பி வேலி போட நமக்கு எங்கே வக்கு?

நீ விதை போட்டாய். உனக்குத்தான் கைராசிக்காரன் என்று பெயர் ஆயிற்றே. ரெண்டாவது மழைக்கு வேலி இடுப்பளவு நின்றது. மாடு வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. நான் எப்படிப் பீற்றிக்கொண்டேன் தெரியுமா! மாட்டுங்கா மார்க்கெட்டில் கீரை வாங்க வருகிற ஐயர் வீட்டு மாமிகளிடம்கூட, “எங்கண்ணன் வேலி போட்ட தோட்டத்துக் கீரையாக்கும்” என்று சொல்லித்தான் கட்டைக் கையில் கொடுப்பேன்.

அப்புறம் ஒவ்வொருத்தராக வந்தார்கள். லேபர் கேம்பிலிருந்து வந்தார்கள், டிராம்பேயில் குடிசை போட்டிருந்த நம் பக்கத்து ஆட்கள் வந்தார்கள். “உம்ம கையால போட்டுத் தாரும் அண்ணாச்சி” என்று கூட்டிக்கொண்டு போனார்கள். நீயும் லீவு நாளானால் மடியில் நெற்றைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினாய். எத்தனை இடத்தில் போட்டாய் அண்ணே? ஒரு இடத்தையாவது யாரிடமாவது சொல்லி வைத்தாயா?

குறை சொல்லிவிட்டுப் போவதற்கு எழுதவில்லை. மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்று வெறும் டின்னோடு திரும்பின நாட்களில் அந்த விறகுதான் நம் அடுப்பை எரித்தது. நின்று எரிகிற விறகு. ஒரு கொம்பை வெட்டினால் அந்த இடத்தில் நாலு வரும். அதையும் அதிர்ஷ்டம் என்றுதான் நினைத்தோம்.

பிறகு உனக்குக் காமாலை வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் கையை விரித்ததும் நான் நேரே தாராவியில் நம்ம சுடலை கோயிலுக்கு ஓடினேன். “மாடா, எங்கண்ணனை எழுப்பி விட்டுரு, உனக்கு ஒரு கிடா தாரேன்” என்று மண்ணில் விழுந்து கேட்டேன். கறுப்புக் குட்டி ஒன்று வாங்கி, காதில் கீறி, கழுத்தில் மஞ்சள் துணி கட்டி அன்றைக்கே சாமிக்கு என்று அவிழ்த்து விட்டேன். பதினோராம் நாள் நீ போய்விட்டாய்.

நீ போனாலும் நேர்ந்தது நேர்ந்ததுதானே. அது சாமி சொத்து. கோயில் கொடைத் திருவிழாவில் வெட்டுகிற வரைக்கும் அதைக் கட்டக் கூடாது, அடிக்கக் கூடாது, எதில் வாய் வைத்தாலும் விரட்டக் கூடாது. குட்டி என் பின்னாலேயே நடந்து சுனாபட்டிக்கு வந்து சேர்ந்தது. தோட்டம் முழுக்க அதன் ராச்சியம். கீரையை மேய்ந்தால் மதினி கன்னத்தில் போட்டுக்கொள்வாள். நெற்று உதிர்கிற காலத்தில் மட்டும் அதுக்குக் கீரை வேண்டாம். நெற்றைத்தான் தேடிப் போகும். நானே பொறுக்கிப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்து ஊட்டினேன். இனிப்பாக இருக்குமாம், வாலை ஆட்டிக்கொண்டு தின்னும்.

ஒவ்வொரு வருஷமும் கொடை வந்தது. பூசாரி கேட்பார்: “பேச்சி, கிடா நல்லா வளந்துட்டுல்லா, இந்த வருசம் குடுத்துருவமா?”

“அடுத்த வருசம் பாப்போம் சாமி” என்றேன். அதற்கு அடுத்த வருஷமும் அதையே சொன்னேன். ஏன் என்று யாரிடமும் சொன்னதில்லை. அது கண்ணெதிரே நடமாடுகிற வரைக்கும், உனக்காக நான் வேண்டினது இன்னும் முடிந்துபோகவில்லை என்று எனக்கு ஒரு நினைப்பு. பைத்தியக்காரி என்று திட்டு. திட்டுவதற்குக்கூட நீ இல்லையே.

போன மழைக்குப் பிறகு செடி வேலியோடு நிற்கவில்லை. வரப்பில் வந்தது, பாத்திக்குள் வந்தது, கிணற்றடியில் வந்தது. யாருமே விதை போடாத இடமெல்லாம் முளைத்தது. வேலிக்கு அந்தப் பக்கம் சாந்தாபாய் வெந்தயக்கீரை போடுகிறாளே, ஞாபகம் இருக்கிறதா? உனக்குக் காமாலை என்றதும் தினம் கரும்புச்சாறு கொண்டுவந்து கொடுத்தவள். அவள் தோட்டத்திலும் வந்துவிட்டது. ஒரு நாள் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, பாதி இந்தியும் பாதி மராட்டியுமாகச் சொன்னாள்: எங்கிருந்தோ வந்தது, ஓரமாக நிற்கிறேன் என்றது, இப்போது இடத்தையே பிடித்துக்கொண்டது, தன் மகன் இதற்கு ‘மத்ராஸி காட்டா’ என்று பெயர் வைத்திருக்கிறான் என்று.

மதராஸி முள். மரத்தைத்தான் சொன்னாள். ஆனாலும் நம்மைச் சொன்ன மாதிரிதான் எனக்குக் கேட்டது. நீ இருந்த காலத்தில் இந்தப் பேச்சு இவ்வளவு சத்தமாக இல்லை அண்ணே. இப்போது தெருமுனைக்குத் தெருமுனை கூட்டம் போட்டு, மதராஸிகள் வந்துதான் எல்லாம் கெட்டது என்கிறார்கள். நம்மவர் டீக்கடை ஒன்றில் கண்ணாடியை உடைத்துவிட்டார்கள். அவள் மகன் அந்தக் கூட்டத்துக்கெல்லாம் தவறாமல் போகிறவன். அதே வாரம் சாந்தாபாய் காலில் முள் ஏறியது. செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறி உள்ளேயே ஒடிந்துவிட்டது. கால் பூசணிக்காய் மாதிரி வீங்கி, இன்னும் நொண்டிக்கொண்டுதான் நடக்கிறாள்.

எப்படிப் பரவுகிறது என்று எங்களுக்குப் புரியவில்லை. காற்று என்றார் ஒருத்தர், காக்கா என்றார் ஒருத்தர். பங்குனியில் ஒரு நாள் கிணற்றடியில் களை பறிக்க உட்கார்ந்தேன். கிடா படுக்கிற இடம் அது. முளை ஒன்றைப் பிடித்து இழுத்தால், அடியில் மண் வரவில்லை, ஆட்டுப் புழுக்கை வந்தது. இன்னொன்றை இழுத்தேன், அதுவும் புழுக்கைக்குள்ளிருந்துதான் வந்தது. அங்கே கிடந்த புழுக்கையில் எல்லாம் பச்சை மூக்கு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நீ கையால் போட்ட விதைகூட நாலைந்து தடவை நனைந்து யோசித்துத்தான் முளைத்தது. அதன் வயிற்றுக்குள் போய் வந்த விதை ஒரு தடவை தண்ணீர் பட்டதும் எழுந்துவிடுகிறது.

இதைவிடப் பெரிய கொடுமையைக் கேள். அந்தப் புழுக்கையைக் கூட்டி அள்ளி ஒன்பது குடும்பத்துப் பாத்திக்கும் கொடுத்தவள் நான்தான். “சாமி ஆட்டு எரு, போடுங்க, நல்லா வெளையும்” என்று கூடை கூடையாகத் தலையில் சுமந்துகொண்டு போய்க் கொடுத்தேன். சாந்தாபாய்க்கும் கொடுத்தேன். கரும்புச்சாறுக்குப் பதில் மரியாதை என்று நினைத்துக்கொண்டு!

சித்திரைக் கொடையில் கிடாவைக் கொடுத்துவிட்டேன். மத்தியானப் பூசையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். அது உடம்பைச் சிலுப்பினால்தான் சாமி சம்மதம், இல்லாவிட்டால் வெட்ட மாட்டார்கள். ஒரு குடம் ஊற்றினார்கள், ரெண்டு குடம் ஊற்றினார்கள். அது சிலுப்பவே இல்லை. நனைந்துபோய் என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. “பேச்சி, ஏதும் குறை வச்சிருக்கியா? சொல்லிரு” என்றார் பூசாரி. நான் அதன் காதுகிட்டே குனிந்து, “எல்லாத்துக்கும் நான்தான் காரணம், எங்கண்ணன் பேர்ல கோவப்படாத” என்றேன். அப்புறம்தான் சிலுப்பியது. நான் அழுததை எல்லாரும் பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள்.

கிடா போய்விட்டது, செடி நிற்கிறது. வெட்டினோம், நாலு மடங்காக வந்தது. கொளுத்தினோம், சாம்பலுக்குள்ளிருந்து துளிர்த்தது. உப்பைக் கொட்டிப் பார்த்தோம்; உப்பங்கழி ஓரத்திலேயே வளர்கிற சனியனுக்கு உப்பு என்ன பண்ணும்? கடைசியில், அடிமரத்துக்குக் கீழே மண்ணுக்குள் இருக்கிற முண்டோடு தோண்டி எடுத்தால்தான் திரும்ப வருவதில்லை என்று கண்டுபிடித்தோம். சின்னச் செடிக்கே அரை நாள் ஆகிறது. டிராம்பேயில் எண்ணெய்க் கம்பெனிக் குழாய் தோண்டுகிற என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து இங்கேயும் கடப்பாரை பிடிக்கிறார். அவர் கை ரெண்டும் சீழ் கட்டியிருக்கிறது. டிராம்பே மேட்டிலும் இப்போது இதே செடிதான் காடாக நிற்கிறதாம். அங்கே யார் போட்டது என்று நான் கேட்கவில்லை.

நீ முதன்முதலில் போட்ட மரம் மட்டும் இன்னும் நிற்கிறது. கிணற்று மூலையில் இருக்கிறதே, அதுதான். அதைத் தோண்ட யாரையும் நான் விடவில்லை. “அது எங்கண்ணன் கை வச்ச மரம், தொடாதீய” என்று கத்தினேன். முந்தாநாள் வாளியை இறக்கினபோது தண்ணீர் தட்டுப்படக் கயிறு போதவில்லை. எட்டிப் பார்த்தேன். கிணற்றுச் சுவரின் கல்லைப் பிளந்துகொண்டு வேர் வந்திருந்தது. என் மணிக்கட்டுத் தடிமன். சுவரின் அந்தப் பக்கம் உள்ளே சரிந்து நிற்கிறது. அடுத்த மழைக்கு அந்தச் சுவர் தாங்காது.

நேற்று சாந்தாபாயிடம் போய் உண்மையைச் சொன்னேன். என் கிடாதான் பரப்பியது, என் கூடைதான் உன் தோட்டத்துக்குக் கொண்டுவந்தது, உன் காலில் ஏறினது என் முள்தான் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். திட்டுவாள், திட்டிவிட்டால் மனசு ஆறும் என்றுதான் போனேன். அவள் திட்டவில்லை. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“அவுர் கிஸ்கோ போலா?” என்று மெதுவாகக் கேட்டாள். வேறு யாரிடம் சொன்னாய்?

“கிஸீகோ நஹீ.” யாரிடமும் இல்லை என்றேன்.

“மத் போல். மேரே லட்கே கோ தோ பில்குல் நஹீ.” என் மகனிடம் சொல்லவே சொல்லாதே. நீங்கள் கொண்டுவந்து விதைத்தீர்கள் என்று உன் வாயாலேயே அவனுக்குத் தெரிந்தால், அவன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவது மரத்தை வெட்டுவதற்காக இருக்காது பேச்சி என்றாள். என் கையைப் பிடித்திருந்தாள்.

அதனால் தமிழில் எழுதுகிறேன். அவன் இதைப் படிக்கப் போவதில்லை. படிக்கிற நம் ஆட்களுக்கு ஒன்று சொல்கிறேன்: என் அண்ணனிடம் கைப்பிடி நெற்று வாங்கினவர்களே, இன்றைக்கே போய்த் தோண்டுங்கள். வெட்டாதீர்கள், தோண்டுங்கள். ஆட்டை அண்ட விடாதீர்கள். உங்கள் பக்கத்து வீட்டில் சாந்தாபாய் இருப்பாள் என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

அண்ணே, மழைக்கு இன்னும் ரெண்டு வாரம்கூட இல்லை என்கிறார்கள். நாளைக்குக் காலையில் உன் மரத்தில் முதல் கடப்பாரையை நான்தான் போடுவேன். வேர் கிணற்றுக்குள் போயிருந்தால் கிணற்றுக்குள் இறங்குவேன். சுவர் சரிந்தாலும் இறங்குவேன். இது சத்தியம். வருத்தப்படாதே என்று மட்டும் உன்னிடம் சொல்ல மாட்டேன். நன்றாக வருத்தப்படு. நாம் ரெண்டு பேரும் சேர்ந்து செய்ததை நான் ஒருத்தி நின்று தோண்டுகிறேன்.

உன் ரத்தம், உன் ஒரே தங்கச்சி,
பேச்சியம்மாள்