விரல் எடுக்காத சுரம்

நேற்று மாலை, பாக்கார் ஆராங்கில் உன் வீட்டு முன்னறையில் உன் கீபோர்டு வாசித்தது. விசை எதுவும் அசையவில்லை. நாற்காலியின் மேல் உன் துண்டு போட்டது போட்டபடி கிடந்தது. நான் கணினியில் ஒரு பொத்தானைத் தட்டினேன், அவ்வளவுதான். உன் மனைவி கரண்டியும் கையுமாக ஓடி வந்தவள் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அடுத்த வாரம் உன் முதலாம் ஆண்டு நினைவுப் பூசை. "அவரு வாசிச்சதயே போடுங்கண்ணே, வேற யாரும் வாசிக்க வேணாம்" என்று அவள் கேட்டபோது தலையாட்டிவிட்டேன். நான் செய்து வைத்திருந்த காரியம் அவளுக்குத் தெரியாது.

உனக்குத் தெரியும். நாம் பதிந்தது பன்னிரண்டு பாட்டு. உன் கீபோர்டையும் என் கணினியையும் இணைக்கவே முதல் நாள் முழுக்கப் போயிற்று. கேபிளை அவுட் துளையிலிருந்து அவுட் துளைக்கே செருகிவிட்டு, இருவருமாகச் சேர்ந்து மென்பொருளைத் திட்டிக்கொண்டிருந்தோம். அந்தக் கேபிளில் ஓசை போகாது, எந்த விசையை எப்போது அழுத்தினாய், எப்போது விட்டாய் என்ற செய்தி மட்டும்தான் போகும் என்று நான் விளக்கியபோது நீ சிரித்தாய்.

"அப்ப என் விரலப் புடிச்சு வைக்கிறியா? பத்திரம்லா."

பத்திரமாகவா வைத்தேன்? திரையில் உன் சுரங்கள் தாளக் கோட்டுக்குப் பின்னால் பின்னால் விழுந்திருந்தன. ஒவ்வொரு அடியின் முடிவிலும் தாமதம். தாளத்தைத் தானே சரிசெய்யும் வசதி இருந்தது. அவற்றில் பதினோரு பாட்டை நேராக்கி, பழையதை அழித்து அதன் மேலேயே சேமித்து, உனக்குப் பெருமையாகப் போட்டுக் காட்டினேன். நீ கடைசிப் பாட்டுவரை கேட்டாய்.

"சுத்தமாத்தான் இருக்கு. சனங்க எங்கடா மூச்சு வாங்குவாங்க?"

பாடாங் மேஹா தோட்டத்து மாதா கோயிலில் ஞாயிறுதோறும் பூசைக்கு வாசித்தவன் நீ. கடைசி வரிசையில் இழுத்து இழுத்துப் பாடுபவர் முடிக்கும்வரை அடுத்த அடியைத் தொடமாட்டாய். நான் பிழையென்று திருத்தியது அந்தக் காத்திருப்பை. "திரும்ப வாசிக்கலாம்டா" என்றேன். "வாசிக்கலாம்லா" என்றாய். அந்த மாதமே ஆஸ்பத்திரிக்குப் போனாய். திரும்பி வரவில்லை.

பன்னிரண்டாவதை மட்டும் நான் தொடவில்லை. பாதியில் கேபிள் கழன்று கெட்டுப்போன பதிவு அது. "ரோசாக் ஆயிருச்சு, விடு" என்று நீயே சொன்னாய். நேற்று அதைத்தான் போட்டேன். முதல் அடி முடிந்தது. நீ காத்திருந்தாய்.

"அவருதான்" என்றாள் உன் மனைவி. காலி நாற்காலியைப் பார்த்துத்தான் சொன்னாள்.

பிறகு கேபிள் கழன்ற இடம் வந்தது. விசையை அழுத்திய செய்தி வந்திருந்தது, விட்ட செய்தி வரவில்லை. ஆர்கன் குரலில் ஒற்றைச் சுரம் ஓயாமல் ஒலித்தது. நீ இன்னும் விரலை எடுக்கவில்லை என்றே கீபோர்டு நம்பிக்கொண்டிருந்தது. மின்சாரத்தை நிறுத்தக் கை நீட்டினேன்.

"நிப்பாட்டாதீங்கண்ணே."

நிறுத்தவில்லை. சமையலறையிலிருந்து அடிபிடிக்கும் வாசனை வந்தது. இருவரும் அசையவில்லை. எனக்குப் பயமாக இருந்தது, நீ வந்துவிடுவாயோ என்றல்ல, சத்தம் நின்றுவிடுமே என்று.

கடைசியில் அவளே "போதும்ணே" என்றாள். மின்சாரத்தை நிறுத்தாமல் அந்தச் சுரம் அடங்க, அதே விசையை ஒருவர் அழுத்தி, விரலை எடுக்க வேண்டும். அழுத்தினேன். விடத்தான் மனம் வரவில்லை. பிறகு விட்டேன்.

மற்ற பதினொன்றைப் பற்றி அவளிடம் இன்னும் சொல்லவில்லை. பூசைக்குப் பிறகு சொல்லிவிடுவேன். பூசையில் இந்தப் பாதிப் பாட்டுத்தான், மீதியைச் சனங்கள் பாடிக்கொள்வார்கள். அந்தச் சுரம் வந்து நிற்கும்போது உன் கீபோர்டின் முன்னால் நான் அதே விசையில் விரல் வைத்திருப்பேன். கடைசி வரிசை மூச்சு வாங்கி முடிக்கும்வரை விரலை எடுக்கமாட்டேன்.