நேரசூசியில் இன்னும் உங்கள் பெயர்

கூடப் பிறக்காமலே எனக்கு அக்காவான செல்வியக்காவுக்கு,

பள்ளிக்கூடம் விட்டு ஒரு மணித்தியாலம் ஆகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து வருகிற ரீச்சர்மார் இரண்டு பேரும் இரண்டு மணி பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டார்கள். நான் அதிபர் கதிரையில் இருந்து இதை எழுதுகிறேன். சிரிக்காதீர்கள். அந்தக் கதிரைக்கு வேறு ஆள் கிடைக்காமல், நீங்கள் போன அடுத்த கிழமையே என்னைப் பதில் அதிபராகப் போட்டார்கள். தமிழும் நான்தான், வரலாறும் நான்தான், சில நாட்களில் மணி அடிப்பதும் நான்தான்.

மேசையில் இரண்டு கடதாசிகள் கிடக்கின்றன. ஒன்று வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்த கடிதம். தரம் பதினொன்றின் கணிதப் பெறுபேறு ஏன் இவ்வளவு மோசம் என்று பதினான்கு நாட்களுக்குள் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். நாளை கடைசி நாள். மற்றது நான் எழுதவேண்டிய பதில். அதில் "மேற்படி விடயம் தொடர்பாக" என்பதற்குப் பிறகு ஒரு சொல்லும் இல்லை. அதை எழுத முடியாமல்தான் உங்களுக்கு எழுதத் தொடங்கினேன்.

பெறுபேறு ஏன் மோசம் என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் இல்லை. அவ்வளவுதான் விளக்கம். ஆனால் அந்த ஒரு வரியை எழுத எனக்கு வாயும் இல்லை, கையும் இல்லை. ஏன் என்று சொல்கிறேன், கோபிக்காமல் கேளுங்கள்.

உங்கள் செத்தவீடு முடிந்து பத்தாம் நாள், ஆளணிப் படிவம் அனுப்பச் சொல்லி வலயத்திலிருந்து அழைப்பு வந்தது. எந்தப் பாடத்துக்கு எந்த ஆசிரியர் என்று ஒவ்வொரு வருடமும் நிரப்புவோமே, அந்தப் படிவம்தான். கணிதம் என்ற வரிக்கு வந்தபோது திருமதி செல்வமலர் என்று உங்கள் பெயரையே எழுதினேன். கை தானாக எழுதிவிட்டது என்று எல்லாரிடமும் சொல்லலாம். உங்களிடம் சொன்னால் அது பாதிப் பொய். எங்கள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைவு, ஆசிரியரும் குறைந்தால் மூடுகிற பட்டியலில் போட்டுவிடுவார்கள் என்ற பயம் எனக்குள் இருந்தது. மூடினால் அடுத்த பள்ளிக்கூடம் ஒன்பது கிலோமீற்றர். பாதி வழி குளக்கட்டால் போகவேண்டும், பின்னேரமானால் யானை இறங்கும். பெட்டைப் பிள்ளைகளை எந்தத் தாய் அனுப்புவாள்?

இன்னொன்றும் உண்டு அக்கா. இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, திரும்பி வந்து, எத்தனை தரம் எங்களைக் கணக்கெடுத்தார்கள்? எதைச் சொன்னால் எது கிடைக்கும், எதைச் சொன்னால் எது பறிபோகும் என்று யோசித்தே பதில் சொல்லப் பழகிவிட்டோம். செத்தவர்களின் பெயரையும் பங்கீட்டு அட்டையில் விட்டு வைத்திருந்த சனம் நாங்கள். ஒரு பட்டியலில் இருக்கிற பெயரை நாங்களே கொண்டுபோய் வெட்டக் கொடுக்கிற பழக்கம் எங்களிடம் இல்லை. அந்தப் பழக்கத்தில்தான் உங்கள் பெயரையும் விட்டேன்.

சம்பளப் பிரிவுக்கு மட்டும் உடனே அறிவித்தேன். அதற்கென்று தனிப் படிவம் இருந்தது. ஆகவே வலய அலுவலகத்தில் ஒரு அறையில் நீங்கள் செத்துவிட்டீர்கள். எதிர் அறையில் உயிரோடு கணிதம் படிப்பிக்கிறீர்கள். நடுவில் ஒரு விறாந்தைதான்.

இங்கே என்ன நடக்கிறது தெரியுமா? நேரசூசியையும் நான் மாற்றவில்லை. திங்கட்கிழமை முதலாம் பாடம், தரம் பதினொன்று, கணிதம், செல்வமலர். மணி அடிக்கும். பதினொரு பிள்ளைகளும் கணிதக் கொப்பியை எடுத்து வைப்பார்கள். ஒருவரும் வரமாட்டார்கள். நாற்பது நிமிடம் கழித்து மணி அடிக்கும், கொப்பியை மூடி உள்ளே வைப்பார்கள். நானே வெண்கட்டியோடு போய் நின்றும் பார்த்தேன். திரிகோணகணிதத்தில் இரண்டாவது வரியிலேயே சிக்கிக்கொண்டேன். "ரீச்சர், நீங்கள் எங்களுக்குத் தமிழே படிப்பியுங்கோ" என்று ஒருத்தி சொல்ல, வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு வந்து, இந்த அறைக்குள் இருந்து அழுதேன்.

மாசி மாதம் வெளிவாரி மதிப்பீட்டுக்கு ஒரு வான் நிறைய ஆட்கள் வந்தார்கள். அதற்கு முதல் நாள் பிள்ளைகளைக் கூட்டி வைத்து, "எங்கட பள்ளிக்கூடத்தை ஒருத்தரிட்டையும் விட்டுக்குடுக்கக் கூடாது" என்று நான் பேசினேன். முற்றம் கூட்டினோம், மரக்கறித் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டோம், கோவைகளுக்கு நிறம் நிறமாக மட்டை போட்டோம். சாப்பாட்டிலும் ஒரு குறையும் வைக்கவில்லை. வந்தவர்கள் கோவைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். ஒருவர்கூட ஒரு பிள்ளையின் கணிதக் கொப்பியைத் திறந்து, கடைசியாகத் திகதி போட்டது எப்போது என்று பார்க்கவில்லை. பார்த்திருந்தால் உங்கள் கையெழுத்தோடு அது நின்றுபோனது தெரிந்திருக்கும்.

அறிக்கை சித்திரையில் வந்தது. ஆவணங்கள் சிறப்பாகப் பேணப்படுகின்றன என்று பாராட்டியிருந்தார்கள். அதற்குக் கீழே, தரம் பதினொன்றின் கணித ஆசிரியர் அன்று விடுமுறையில் இருந்தார் என்று ஒரு வரி. நான் அப்படிச் சொல்லவில்லையே! வகுப்புக்குப் போய், யார் சொன்னது என்று கேட்டேன். பின்வரிசை வாங்கிலிருந்து ஒருத்தி எழும்பினாள்.

உங்கள் மகள். நிரோஜா.

நான் அவளை ஏசவில்லை. இந்த அறைக்குக் கூட்டி வந்து இருத்தினேன். பள்ளிக்கூடத்தில் என்னை ரீச்சர் என்றுதான் கூப்பிடுவாள், தெரியும்தானே. அன்றைக்குச் சித்தி என்றாள்.

"நீங்கள்தானே சித்தி விட்டுக்குடுக்கக் கூடாதெண்டு சொன்னனீங்கள். மதிப்பீட்டுக்கு வந்த சேர் கணித ரீச்சர் எங்க எண்டு கேட்டார். ஒருத்தரும் வாய் திறக்கேல்ல. நான் எழும்பி, லீவு சேர் எண்டு சொன்னன்."

"ஏனம்மா நீ சொன்னனீ? வேற ஆரும் சொல்லியிருக்கலாமே."

அவள் மேசை விளிம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். "சொன்ன உடன உண்மையா அம்மா லீவில நிக்கிறமாதிரி இருந்தது சித்தி. நாளைக்கு வந்திடுவா போல."

அக்கா, இதைக் கேட்ட பிறகு நான் எப்படி இந்தக் கதிரையில் இருப்பேன்? ஒரு படிவத்தில் நான் எழுதிய பொய், உங்கள் பிள்ளையின் வாய்க்குள் போய் அங்கே குடியிருக்கிறது. தவணைப் பரீட்சையில் அவள் பெயரை எழுதி, சுட்டெண்ணை எழுதி, வெறும் தாளைக் கொடுத்திருக்கிறாள். உங்கள் மகள், கணிதத்துக்கு! சாதாரண தரப் பரீட்சைக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. கணிதத்தில் தேறாவிட்டால் உயர்தர வகுப்பு இல்லை. மற்றப் பத்துப் பேரில் மூன்று பேர் இப்போதே ஆடைத் தொழிற்சாலையைப் பற்றிக் கதைக்கிறார்கள்.

அறிக்கை வந்த அடுத்த நாளே வலயத்துக்கு ஓடினேன். ஆளணிப் பிரிவில் இருக்கிற உத்தியோகத்தர் கெட்ட மனிதர் இல்லை. கதிரை தந்தார், தேத்தண்ணி தந்தார். பிறகு கணினியைத் தட்டிப் பார்த்தார்.

"உங்கட பள்ளிக்கூடத்தில கணிதத்துக்கு ஆள் இருக்குதே ரீச்சர்."

"இல்லை சேர். அவா மோசம் போய் ஆறு மாசம்."

"இஞ்ச இருக்கிறா. செல்வமலர். நீங்கள் அனுப்பின படிவம்தானே? மதிப்பீட்டு அறிக்கையிலயும் அண்டைக்கு லீவெண்டுதானே கிடக்கு."

"சம்பளப் பிரிவுக்கு அப்பவே அறிவிச்சனான் சேர். இந்தா, எதிர் அறையில."

"அது அவையின்ர வேலை. ஆளணி எங்கட வேலை." பிறகு குரலைத் தாழ்த்தினார். "மாத்தலாம் ரீச்சர். ஆனா பிழையான தகவலை ஏன் தந்தனீங்கள் எண்டு எழுத்தில தரவேணும். தந்தால் உங்களில விசாரணை வரும். வெற்றிடமெண்டு போட்டாலும் உடன ஆள் வருமெண்டு நான் சொல்லமாட்டன். உங்கட பக்கம் வர ஆக்கள் விருப்பமில்லை. அதோட, பிள்ளையளும் குறைவு, ஆசிரியரும் குறைவெண்டு காட்டினா, மேல இருக்கிறவை வேற மாதிரி யோசிப்பினம். யோசிச்சுச் செய்யுங்கோ."

யோசித்துச் செய்யட்டாம். யோசித்தபடியே ஊருக்கு வந்தேன். இரண்டு மாதமாக யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

அவர் சொன்னது எல்லாமே உண்மை. அதுதான் என்னைக் கொல்கிறது. பொய்யோடு இருந்தால் பள்ளிக்கூடம் இருக்கும், கணிதம் இராது. உண்மையைச் சொன்னால் என் வேலைக்கும் உத்தரவாதம் இல்லை, பள்ளிக்கூடத்துக்கும் உத்தரவாதம் இல்லை, ஆசிரியர் வருவதற்கும் உத்தரவாதம் இல்லை. இது என்ன விளையாட்டு அக்கா? எங்களுக்கு இல்லை என்று சொன்னால் தண்டிக்கிறவர்கள், இருக்கிறது என்று சொன்னால் பெறுபேறு எங்கே என்று கேட்கிறார்கள். எங்களிடம் விளக்கம் கேட்க அவர்களிடம் படிவம் இருக்கிறது. எட்டு மாதமாகப் பதினொரு பிள்ளைகள் வெறும் கொப்பியோடு இருப்பதற்கு அவர்களிடம் விளக்கம் கேட்க எந்த அறையில் படிவம் வாங்குவது?

நீங்கள் இருந்திருந்தால் அந்த விறாந்தையில் நின்று சத்தம் போட்டிருப்பீர்கள். உங்களுக்கு அந்தத் துணிவு இருந்தது. உங்கள் அப்பா மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்தில் அடிபட்டு, ஒரு துணிமூட்டையோடு இந்தப் பக்கம் வந்தவர். எங்கள் ஐயா யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துக் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து வந்தவர். நான் உங்களை அக்கா என்று கூப்பிடத் தொடங்கியபோது எங்கள் வீட்டில் முகத்தைக் கோணியவர்கள் இருந்தார்கள். அவர்களின் பிள்ளைகளையும் கணிதத்தில் தூக்கிவிட்டது நீங்கள்தான். அதையும் நீங்கள் ஒருநாளும் சொல்லிக் காட்டவில்லை.

எழுத முடியாமல் இன்று உங்கள் அலுமாரியைத் திறந்தேன். அந்தப் பால்மா ரின் அப்படியே இருக்கிறது. தவணை தொடங்கும் அன்று வகுப்பில் உள்ள அழிறப்பர்களையெல்லாம் பறித்து அதற்குள் போட்டு மூடி வைப்பீர்களே. பிள்ளைகள் சிணுங்குவார்கள். "அழிக்கிற வேலை என்னட்டச் சரிவராது. பிழையெண்டால் ஒரு கோடு போட்டு வெட்டு. எந்த வரியில பிழைச்சதெண்டு எனக்கும் தெரியவேணும், உனக்கும் தெரியவேணும்." அடுத்த வகுப்பில் நின்று இதைக் கேட்டு எத்தனை நாள் சிரித்திருப்பேன். இன்றைக்கு அந்த ரின்னை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். என் பிழை எந்த வரியில் என்று எனக்குத் தெரியும்.

அந்த நேரம் பார்த்து நிரோஜா வந்தாள். கணிதக் கொப்பிக்குள்ளிருந்து ஒரு கடதாசியை எடுத்து என் முன்னால் வைத்தாள். உங்கள் மரண அத்தாட்சிப் பத்திரம்.

"அப்பாட்டக் கேட்டு எடுத்தனான் சித்தி. நீங்கள் பதில் எழுத இது தேவைதானே?"

வலயக் கடிதத்தைப் பற்றி நான் அவளிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. இந்தச் சின்னப் பள்ளிக்கூடத்தில் எது ஒளிந்திருக்கும்?

"வேண்டாம் பிள்ளை. இதை நான் பாத்துக்கொள்ளுறன்" என்றேன்.

"இல்லை சித்தி. அம்மா லீவெண்டு நான்தானே சொன்னனான். இல்லையெண்டும் நான்தான் சொல்லவேணும். நாளைக்கு நானும் உங்களோட வாறன்."

செத்தவீட்டில்கூட இப்படிப் பேசவில்லை அக்கா. அன்றைக்கு ஒரு சொட்டுக் கண்ணீரும் இல்லாமல் இருந்தவள், இதைச் சொல்லிவிட்டு என் மடியில் முகத்தை வைத்து விம்மி விம்மி அழுதாள். எட்டு மாதமாக நீங்கள் லீவில்தான் நின்றிருக்கிறீர்கள், அவளுக்கு. இன்றைக்குத்தான் செத்திருக்கிறீர்கள். அம்மாவுக்காக அழவேண்டிய அந்த எட்டு மாதத்தையும் அவளிடமிருந்து பறித்தது நான்தான். என்னை மன்னியுங்கள் என்று கேட்கவும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இப்போது அவள் வெளியே வேப்பமரத்துக்குக் கீழே, சைக்கிளில் சாய்ந்தபடி எனக்காகக் காத்து நிற்கிறாள். இதை முடித்துவிட்டுப் பதிலை எழுதப்போகிறேன். ஆசிரியர் காலமானார், படிவத்தில் பிழையான தகவல் தந்தது நான், மாணவி பொய் சொல்லக் காரணமும் நான், பதினொரு பிள்ளைகளுக்கு இன்றுவரை கணிதம் இல்லை, ஆள் தாருங்கள். இவ்வளவுதான் எழுதுவேன். காலை முதல் பஸ்ஸில் நாங்கள் இரண்டு பேரும் போவோம். விசாரணை வரட்டும், கதிரை போகட்டும். பள்ளிக்கூடத்தை மூட வந்தால் என்ன செய்வேன் என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. ஆனாலும் ஒரு ஆள் வரும்வரை அந்த இரண்டு அறைக்கும் நடுவிலுள்ள விறாந்தையை விட்டு நான் அசையமாட்டேன். இது உங்களுக்குத் தருகிற வாக்கு.

போகமுதல் நேரசூசியில் உங்கள் பெயரை வெட்டவேண்டும். கோடு நேராக வர நிரோஜா அடிமட்டம் பிடிப்பதாகச் சொல்லியிருக்கிறாள். அழிக்கமாட்டோம் அக்கா. ஒரு கோடுதான் போடுவோம், உங்கள் பெயர் கீழே தெரியும்படி. பக்கத்தில் நான் கையெழுத்து வைப்பேன்.

உங்கள் மகளுக்குச் சித்தி,
உங்களுக்கு என்றைக்கும் தங்கச்சி,
வதனி