சக்கரம் வைத்துக் கொண்டுபோன மாதா கோயில்

மந்தாரக்குப்பம்
16.7.2024

குமரவேலுக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க மனம் வரவில்லை. நான் ஜெர்மனியிலிருந்து ஊர் வந்து சேர்ந்து ஐந்து வாரம் ஆகிறது. உன் போனை எடுக்காததற்குக் காரணம் உடம்பு இல்லை. பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறேன். போனில் பேசினால் நீ நடுவில் புகுந்து சமாதானம் சொல்வாய். கடிதத்தில் அது முடியாது.

பள்ளிக்கூடம் திறந்து என் லீவு முடிந்துவிட்டது. சத்துணவுக்கு அரிசி மூட்டை வந்து இறங்கியிருக்கிறது. வீட்டு ஓனர் மாடியில் ஒரு அறை கட்டுகிறார், நாள் முழுக்க டைல்ஸ் அறுக்கிற சத்தம். ஊர்ச் சேதி இவ்வளவுதான்.

இனி அந்த மாதா கோயில்.

"நம்ம ஊரு மாதிரியே நிலக்கரி ஊரும்மா, நீ பாக்கணும்" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் மருமகள் கிருஷ்ணப்ரியாவையும் காரில் ஏற்றிக்கொண்டு போனாய். வாசலில் நான் செருப்பைக் கழற்றியதும் உனக்கு முகம் சுருங்கிப்போனது. "இங்கல்லாம் கழட்டக் கூடாதும்மா, எல்லாரும் பாக்கறாங்க" என்றாய். அங்கே நம் மூன்று பேரையும் சாவி வைத்திருந்த கிழவியையும் தவிர யாரும் இல்லை. எழுநூறு வருஷக் கோயில் என்றாய். நான் கழற்றியது கழற்றியதுதான்.

சின்னக் கோயில். முழங்கை நீளத்துக்குக் கனமான கல் சுவர். உள்ளே மே மாதத்திலும் தரை பனிக்கட்டி மாதிரி இருந்தது. அந்தக் கிழவி சுவரில் மாட்டியிருந்த போட்டோக்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள். நீ தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாய். சுரங்கத்துக்காக அவள் ஊரையே எடுத்துவிட்டார்களாம். ஊரார் விடாமல் சண்டை போட்டு, கோயிலை மட்டும் காப்பாற்றினார்களாம். சுவரைச் சுற்றி இரும்புப் பட்டை கட்டி, அடியில் சக்கரம் வைத்து, இந்த ஊருக்கு நகர்த்திக் கொண்டுவந்தார்களாம். ரோட்டில் கோயில் போகிறது, இரண்டு பக்கமும் ஜனம் நடந்து போகிறது. அந்தப் போட்டோவை நான் வெகுநேரம் பார்த்தேன். வெளியே இருந்த கல்லறைகளும் அங்கிருந்து தோண்டி எடுத்து வந்தவை என்றாய். ஒவ்வொரு கல்லிலும் பெயர் இருந்தது.

உன் அப்பாவையும் நாம் அப்படித்தானே எடுத்து வந்தோம் என்று எனக்கு ஒரு நிறைவு வந்தது. அதை உன்னிடம் சொல்லவும் செய்தேன். நீ குனிந்து ஷூ லேஸைக் கட்டினாய்.

பிறகு அந்தக் கிழவி உன்னிடம் ஏதோ கேட்டாள். நீ அவள் பாஷையில் பேச ஆரம்பித்தாய். அவ்வளவு நேரம் நீ பேசி நான் பார்த்ததே இல்லை. கிருஷ்ணப்ரியா சட்டென்று வெளியே போய்விட்டாள். கிழவி வந்து என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். என்ன சொல்கிறாள் என்று உன்னைக் கேட்டேன். "உன்ன பாத்ததுல சந்தோஷமாம்" என்றாய். நான் அவளைப் பார்த்துச் சிரித்தேன். நான் சிரித்ததை நீ பார்த்துக்கொண்டு நின்றாய்.

மறுநாள் நீ வேலைக்குப் போனபின் கிருஷ்ணப்ரியா அடுப்படியில் அழுதாள். மசக்கை என்று நினைத்தேன். நான் வற்புறுத்திக் கேட்டதால்தான் சொன்னாள். அதற்காக நீ அவளை ஒரு வார்த்தை கேட்கக் கூடாது.

நீ அந்தக் கிழவியிடம் சொன்னது இதுதான்: "எங்க அப்பாவ எங்க நிலத்துலயே புதைச்சிருந்தோம். அந்த நிலம் சுரங்கத்துக்குப் போச்சு. எடுத்துக்க நாள் குடுத்தாங்க. நான் போகல. இப்போ அங்க பள்ளம்தான் இருக்கு. அம்மாவுக்குத் தெரியாது."

அதனால்தான் டிக்கெட்டை மாற்றிக்கொண்டு கிளம்பி வந்தேன். மருமகளுக்கு மசக்கையாக இருக்கும்போது எந்த மாமியாரும் அப்படிக் கிளம்ப மாட்டாள்.

வந்த மறுநாளே உன் சித்தப்பா தங்கராசுவை வரச்சொன்னேன். முதலில் மழுப்பினார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "மூணு நாள் காத்துக்கினு இருந்தோம் அண்ணி. புள்ளன்னு ஒருத்தன் இருக்கச்சொல்ல நான் கைய வைக்கக் கூடாதுன்னு நின்னுட்டேன். அவன் மெட்ராஸ்ல இன்டர்வியூன்னு வரவே இல்ல. நாலாம் நாளு மெஷின் எறங்கிடுச்சி. 'எடுத்துட்டோம்னு அம்மாகிட்ட சொல்லிடுங்க சித்தப்பா'ன்னு போன்ல அழுதான். நீங்க வேற ஆபரேஷன் பண்ணிக்கினு பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில கெடந்தீங்க."

கர்ப்பப்பையை எடுத்துவிட்டு நான் படுத்திருந்தபோது, "எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன், நீ கவலைப்படாதம்மா" என்று என் தலைமாட்டில் நின்று சொன்னவன் நீ. அந்த வார்த்தையை நம்பித்தான் தையல் பிரிக்கும்வரை அங்கே கிடந்தேன். இல்லாவிட்டால் வயிற்றைப் பிடித்துக்கொண்டாவது வந்திருப்பேன்.

வடலூர் ரோட்டு இடுகாட்டில் நீங்கள் காட்டிய மேட்டில் ஒன்பது வருஷம் விளக்கேற்றினேன். ஆடி அமாவாசை, தை அமாவாசை, அவர் போன நாள், எதையும் விட்டதில்லை. உனக்கு விசா கிடைத்ததும், கல்யாணம் நிச்சயமானதும் அங்கே போய்த்தான் அவரிடம் சொன்னேன். நீ லீவில் வந்தபோதெல்லாம் என் பக்கத்தில் நின்று கும்பிட்டாய். ஒரு முறை சூடம்கூட நீதான் ஏற்றினாய்.

சின்னப் பையன், வேலை கைநழுவிப் போய்விடுமென்று பயந்தாய், ஒத்துக்கொள்கிறேன். அன்றைக்கே சொல்லியிருந்தால் உன்னை அடித்திருப்பேன், பத்து நாள் பேசாமல் இருந்திருப்பேன். பிறகு இருவரும் சுரங்க வேலி ஓரமாகப் போய், அந்தப் பள்ளத்தைப் பார்த்தே கும்பிட்டிருப்போம். நீ எனக்கு அதுகூட இல்லாமல் செய்தாய். என்னிடம் சொல்ல முடியாததை எவளோ ஒருத்தியிடம், என் முகத்துக்கு எதிரில், எனக்குப் புரியாத பாஷையில் சொன்னாய். அப்பாவை விட்டதைவிட இதுதான் எனக்குப் பெரிதாக இருக்கிறது.

ஆடி அமாவாசை வருகிறது. அந்த மேட்டுக்கு இனி நான் போக மாட்டேன். எங்கே போவதென்றும் தெரியவில்லை.

பிரசவத்துக்கு என்னைக் கூப்பிட்டு டிக்கெட் அனுப்பாதே. கிருஷ்ணப்ரியாவின் அம்மா வருவார்கள். அவளும் வயிற்றில் இருப்பதும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். அவளைக் கனம் தூக்க விடாதே. உனக்காக வேண்டிக்கொள்ள இன்னும் வாய் வரவில்லை.

நீ வா. தனியாக வா. வந்து என் எதிரில் உட்கார்ந்து, அந்தக் கிழவியிடம் சொன்னதை ஒரு எழுத்துக் குறையாமல் தமிழில் என்னிடம் சொல். அதற்குப் பிறகு உன்னை என்ன செய்வதென்று நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பழனிசாமியின் மனைவி
திலகவதி