துரை எழுதிய வெயில்

ஜூன் 3

அன்புள்ள கணக்கு டீச்சருக்கு,

நான் நலம். நீயும் உன் அம்மாவும் நலம்தானே? எட்டு மாதமாக இந்தப் பதிவறையில் தூசி தின்றதற்கு இன்றுதான் பலன் கிடைத்தது. இந்த மலையில் முதன்முதலில் ஊர் கட்டிய வெள்ளைக்காரத் துரையின் வானிலைப் பதிவேடு அகப்பட்டது. தினமும் காலை எட்டு மணிக்கு மழைமானியைப் பார்த்து எழுதியிருக்கிறார். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை பெய்த நாள் வெறும் பதினொன்று. மற்ற நாளெல்லாம் ‘வெயில், இதமான காற்று’. இதைப் படித்துத்தான், நோயாளிச் சிப்பாய்கள் உடம்பு தேற ஏற்ற இடம் என்று மேலிடத்தில் அனுமதி கொடுத்திருக்கிறார்கள்.

நகராட்சித் தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. ஊருக்கு இருநூறு வயது நிறைவதற்காக வெளியிடும் மலரில் இதுதான் முதல் கட்டுரையாம். எழுதும் பொறுப்பு என் தலையில்.

மலை என்றாலே மழை, சேறு, அட்டை என்று பயப்படுகிறாயே, இனியாவது நம்பு. இதோ, சுள்ளென்ற வெயில் என் மேஜைமேல் விழுகிறது. துவைத்த சட்டை ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடுகிறது. இங்குள்ள பள்ளியில் கணக்கு டீச்சர் இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. இடமாற்றப் படிவத்துக்கு முப்பதாம் தேதி கடைசி. தனியாகப் பொங்கித் தின்று நாக்கு செத்துவிட்டது.

உன்,
பழுப்புக் காகிதக்காரன்


ஜூன் 11

அன்புள்ள பழுப்புக் காகிதக்காரருக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி தேவலை. நான் அங்கே வந்துவிட்டால் தம்பி வீட்டில் இருந்துகொள்வதாகச் சொல்லிவிட்டாள்.

படிவத்தை நிரப்பிவிட்டேன். கையெழுத்து மட்டும் போடவில்லை. அடுத்த வருடம் தலைமையாசிரியை நாற்காலி எனக்குத்தான் என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். அங்கே வந்தால் வரிசையில் கடைசி ஆளாக நிற்க வேண்டும். பதினான்கு வருடத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு வருவதென்றால் யோசிக்கத்தானே வேண்டும்? கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் துரையின் கணக்கு எனக்கு உதைக்கிறது. நான்கு மாதத்தில் பதினொரு நாள் மழை என்றால், எங்கள் ஊரைவிடக் குறைவு. பிறகு அங்கே ஊர் நடுவில் இருக்கும் ஏரி எப்படி நிரம்பியது? ஊர் கட்ட அனுமதி வேண்டியவரே மழையையும் அளந்தால், பாலுக்குப் பூனை காவல்தான். மலைப்பாதை போட்ட ஆட்களுக்கு வருகைப் பதிவு என்று ஒன்று இருந்திருக்கும். அதைத் தேடிப் பாருங்கள். மழையை மறைக்க மேஸ்திரிக்கு என்ன அவசியம்?

சட்டை ஒரு மணி நேரத்தில் காய்வது சந்தோஷம். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்,
கணக்கு டீச்சர்


ஜூன் 19

அன்புள்ள கணக்கு டீச்சருக்கு,

நீ சொன்ன வருகைப் பதிவு கிடைத்தது. கல் உடைத்தவர்களும் மரம் வெட்டியவர்களுமாக நூற்று நாற்பது பேர். அதே நான்கு மாதத்தில் தொண்ணூற்றேழு நாளுக்கு நேரே ‘மழை, வேலை இல்லை’ என்று மேஸ்திரி எழுதியிருக்கிறார். துரை ‘இதமான காற்று’ என்று எழுதிய ஓர் ஆகஸ்ட் நாளில், ஆட்கள் தங்கிய கொட்டகைமேல் மண் சரிந்து மூன்று பேர் போய்விட்டார்கள். அந்த மூன்று பெயர்மேலும் கோடு இழுத்திருக்கிறது.

இரண்டையும் தலைவர் முன்னால் வைத்தேன். “இருநூறு வருஷத்துக்கு முன்னாடி பேஞ்ச மழைங்க. இப்ப அதைக் கிளறி என்ன ஆகப் போகுது? நல்லதை மட்டும் எழுதுங்க” என்றார். தெரிந்தே பொய் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டு வீராப்பாக எழுந்து வந்தேன். வாசலில் குடையை விரித்தபோதுதான் எனக்கே உறைத்தது.

ஆமாம், குடை. இரண்டாம் தேதி பிடித்த மழை இன்னும் விடவில்லை. சட்டை காய மூன்று நாள் ஆகிறது. அடுப்புக்கு மேலே கொடி கட்டியிருப்பதால் எல்லாச் சட்டையிலும் புகை நாற்றம். செருப்பில் பூஞ்சணம். உப்பு ஜாடியில் தண்ணீர். கூரை இரண்டு இடத்தில் ஒழுகுகிறது, அதில் ஒன்று நீ படுக்க வேண்டிய பக்கம். எட்டு மாதமாக உனக்கு நான் எழுதிய வெயிலில் பாதிக்குமேல் பொய். உண்மையைச் சொன்னால் வரமாட்டாய் என்று பயம். துரைக்கு ஊர் வேண்டியிருந்தது, எனக்கு நீ வேண்டியிருந்தது. துரையைத் திட்டுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

கையெழுத்துப் போடாதே. நாற்காலி உனக்கே வரட்டும். மாதம் ஒருமுறை நான் இறங்கி வருகிறேன். என்னை மன்னித்துவிடு.

உன்,
பழுப்புக் காகிதக்காரன்


ஜூன் 26

அன்புள்ள என்னவருக்கு,

உங்கள் கடிதம் நேற்றுக் காலையில் வந்தது. நீங்கள் எழுதியதிலேயே இதுதான் நல்ல கடிதம்.

அங்கே மழை கொட்டுவது உங்கள் முதல் கடிதத்திலேயே எனக்குத் தெரியும். உங்கள் உறைகள் ஊறிப்போய்த்தான் வரும், கிழிக்காமல் பிரிக்க முடியாது. போன கடிதத்தில் ‘சுள்ளென்ற வெயில்’ என்று எழுதிய வரியிலேயே மை கரைந்திருந்தது. அம்மா மோந்து பார்த்துவிட்டு, “மாப்பிள்ளை கிணத்துக்குள்ள உக்காந்தா எழுதுறாரு?” என்று கேட்டாள். அந்த ஊர் வெயிலே கொஞ்சம் ஈரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஈரத்துக்கு நான் பயப்படவில்லை. வெயிலில் பொய் சொல்கிறவர் வேறு எதில் சொல்கிறாரோ என்றுதான் பேனாவை மூடி வைத்திருந்தேன். இந்தக் கடிதத்திலும் வெயில் அடித்திருந்தால் படிவத்தைக் கிழித்துப் போட்டிருப்பேன். நேற்று மத்தியானம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். நாற்காலி போவதில் வருத்தம் இருக்கிறது. இல்லையென்று எழுதினால் நானும் துரையாகிவிடுவேன். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்கு வந்தால் சண்டை போட ஆள் வேண்டாமா?

மலரில் அந்த மூன்று பேர் பெயரும் வர வேண்டும். தலைவர் மறுத்தால் நான் வந்து பேசுகிறேன்.

கூரையைச் சரிசெய்ய முடியாவிட்டாலும் கட்டிலையாவது நகர்த்திப் போடுங்கள். வரும் நாளை எழுதுகிறேன். அன்றைக்கு வெயிலே அடித்தாலும் பஸ் நிற்கும் இடத்துக்குக் குடையோடு வாருங்கள்.

உங்கள்,
கணக்கு டீச்சர்