தறியில் ஏறிய முகவரி

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். இரண்டு முறை கரண்ட் போயிற்று. இன்றைய வேலை: இணைய முகவரி வாங்குவது, சேலையைப் படம் எடுப்பது, கேஸ் புக் பண்ணுவது. கேஸ் மட்டும் முடிந்தது.

முகவரி போய்விட்டது. ‘நாலுதறி டாட் காம்’ என்று அடித்தால் முதலாளி கடை திறக்கிறது. அண்ணனும் அவன் கூட்டாளிகள் மூன்று பேரும் இத்தனை வருடம் கூலிக்கு நெய்து கொடுத்த அதே கடை. டாட் இன் போட்டேன். அதே கடை. டாட் ஷாப். அதே கடை, அதே மாடல் பெண், அதே சிரிப்பு.

நாலு தறியும் சேர்ந்து சொந்தப் பெயரில் விற்கலாம் என்று முடிவு செய்தே ஒரு மாதம்தான் ஆகிறது. பெயர் எப்படி வெளியே போனது? அண்ணனைக் கேட்டேன்.

“யார்கிட்டயும் சொல்லலமா. தறியில போட்டேன், அவ்ளோதான்.”

கடைப் பெயரைச் சேலை தொடங்கும் முனையில் ஜரிகையில் சின்னதாக நெய்து தருவது இங்கே வழக்கம். கண்டவன் பெயரையெல்லாம் நெய்த கை, தன் பெயர் என்றதும் பொறுக்கவில்லை. நான் முகவரி வாங்குவதற்குள், தறிக்கு டிசைன் அட்டையில் ஓட்டை போட்டுத் தருகிற கரீம் பாயிடம் அட்டை அடித்து வாங்கி, இங்கிலீஷ் எழுத்தில் டாட் காம் வரை நெய்துவிட்டான். நெய்த துணி உருளையில் சுருண்டு மறைகிற வரை இரண்டு நாள் கண்ணுக்கு நேராகக் கிடந்திருக்கிறது. கூலிச் சேலை எடுத்துப்போக வந்த கடை ஆள் வரதன் படித்திருக்கிறான்.

தள்ளிப்போட்டது நான்தான். அண்ணனைத் திட்டக் கூடாது என்று நினைத்தேன். திட்டினேன்.

ஜூலை 9, புதன்

வானம் மூடியே இருக்கிறது, மழை இல்லை. முகவரி விற்கிற கம்பெனிக்கு போன். எடுத்த பெண்ணுக்கு என்னைவிட வயது குறைவாக இருக்கும்.

“காம் போனா போகட்டும் மேடம். ஸ்டோர் இருக்கு, ஆன்லைன் இருக்கு, ஃபேஷன் இருக்கு, வேர்ல்டு இருக்கு. இன்னும் புதுசு புதுசா வரும்.”

“வந்தா யாரு வாங்குவா?”

“பெரிய கடைங்க எல்லாத்துலயும் ஒண்ணு எடுத்து வெச்சுப்பாங்க. சேஃப்டிக்கு.”

சேஃப்டி. வேலி என்று சொல்லித் தொலையலாம். டாட்டுக்குப் பின்னால் போடுகிற முனை ஐம்பது வந்தால் ஐம்பதிலும் வேலி போட முதலாளியால் முடியும். எங்களால் ஒன்று. எங்கள் குடும்பத்துக்கு எழுதிக் கொடுத்த பஞ்சமி நிலம் இன்று எவன் பெயரிலோ, கம்பி வேலிக்குள், சும்மா கிடக்கிறது. அதைக் கேட்டால் ஊருக்கு வெளியே வேறு இடம் காட்டுவார்கள். இதுவும் அதே கதை.

பாய் கடையில் சொன்னேன். அட்டையில் ஓட்டை போட்டுக்கொண்டே:

“புதுசா நகர் போட்டு பிளாட் விக்கிறான் பாரு, அந்த மாதிரிமா. பேரு சோக்கா இருக்கும். தண்ணி வராது.”

ஜூலை 10, வியாழன்

வாலாஜாபாத் டீச்சர் வந்தார். மகளுக்கு முகூர்த்தச் சேலை. எங்களிடம் வாங்க வந்த முதல் ஆள். அண்ணன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு நின்றான், அவனுக்குத்தான் கல்யாணம் போல.

சேலை பிடித்துவிட்டது. விரித்துப் பார்த்தார், முனையில் இருந்ததைப் பார்த்து போனில் அடித்தார்.

“ஏம்மா ஸ்டெல்லா, இது அந்தப் பெரிய கடை சரக்கா? அப்ப நான் அங்கியே வாங்கிக்கிறேனே.”

நடந்ததைச் சொன்னேன். தலையாட்டினார். நம்பினாரா, தெரியவில்லை. டாட் ஸ்டோர் என்று ஒன்று வாங்கினால் அதைத் திறந்து பார்ப்பீர்களா என்று கேட்டேன்.

“அந்த மாதிரி லிங்க் வந்தா தொடவே தொடாதேன்னு பையன் சொல்லியிருக்கான்மா.”

நேர்மையான பதில். தெருப் பெயரைக் கேட்டே ஆளை எடைபோடுகிற ஊர்தானே.

அப்புறம் வீட்டுக்காரருக்கு ஏதோ மெசேஜ் அனுப்பினார். தமிழில். சரசரவென்று. சட்டென்று கேட்டேன்: டீச்சர், நாலுதறி, புள்ளி, இந்தியா, அப்படியே தமிழிலேயே அடியுங்கள்.

“ஒண்ணுமே வரலியேமா.”

“வராததுதான் டீச்சர் நல்லது. இன்னும் யாரும் எடுக்கல.”

சனிக்கிழமைக்குள் சொல்கிறேன் என்று போனார்.

ஜூலை 11, வெள்ளி

முகவரி வாங்கியாயிற்று. நாலுதறி.இந்தியா. முழுக்கத் தமிழ் எழுத்தில். முதலாளி கடையில் தமிழை யாரும் யோசிக்கவில்லை. ரசீதிலிருந்து பை வரை இங்கிலீஷ் போட்டால்தான் கௌரவம் அவர்களுக்கு.

சண்டை ஒன்று. புது முகவரியில் மெயில் வைத்து கூரியர்காரன் படிவத்தில் போட்டால் ‘செல்லாத முகவரி’ என்கிறது. இங்கிலீஷில் ஏபிசி என்று வாய்க்கு வந்ததைப் போட்டேன், வாங்கிக்கொண்டது. செல்லாதது முகவரி இல்லை, உன் படிவம். பழைய மெயிலையே கொடுத்தேன். அதற்காக விடப்போவதில்லை.

இணையத்துக்கு இன்னும் முனைகள் வேண்டுமா? வேலி போடுகிறவனுக்கு ஐம்பது வேண்டாம். சும்மா பிடித்து வைத்திருப்பவனிடமிருந்து திருப்பி வாங்க ஒரு வழி வேண்டும். அண்ணன் தயங்காமல் படிக்கிற முனை ஒன்று வேண்டும், அது இருக்கிறது. அதை எல்லாப் படிவமும் ஏற்க வேண்டும். என் பதில் இவ்வளவுதான். யாரும் கேட்கவில்லை.

அண்ணன் மதியம் முழுக்க ஊசியை வைத்துக்கொண்டு முதல் சேலை முனையில் இருந்த ஜரிகை எழுத்தைப் பிரித்தான். பக்கத்தில் டீ வைத்தேன். ஆறிப்போயிற்று.

ஜூலை 12, சனி

விடியற்காலையில் நல்ல மழை. டீச்சர் போன். சேலை வேண்டுமாம். மாலை வருகிறார். தறியில் அண்ணன் சத்தமாகப் பாடுகிறான்.

தறியில் ஏற்றிய அதே பாவு நூலில் இரண்டாவது சேலை தொடங்கியாயிற்று. பாய் புது அட்டை கொடுத்துவிட்டார். பத்து மணிக்கெல்லாம் எழுத்து தெரிந்தது, தமிழில்.

பதினொன்றுக்கு வரதன்.

“அந்தோணி, முதலாளி அந்த அட்ரஸெல்லாம் உங்களுக்கே குடுத்துடறேன்னாருபா. நாலு தறியும் முன்ன மாதிரி நம்மகிட்டயே ஓடணும், அவ்ளோதான்.”

அண்ணன் குறுக்கே ஓடும் நாடாவை நிறுத்தவில்லை.

“அவரே வெச்சிக்கட்டும்ணே. நாலு தறி இங்க ஓடிக்கினு இருக்குது, சொல்லிடுங்க.”

வரதன் கோபப்படவில்லை. தறிமேல் குனிந்தான், நெய்திருந்ததை மெல்ல வாசித்தான். போனை எடுத்தான். கொஞ்ச நேரம் தடவிக்கொண்டே இருந்தான்.

“இதுல தமிழ் எப்பிடிமா வர வெக்கிறது?”

வாங்கி மாற்றிக் கொடுத்தேன். அடித்தான். அண்ணன் படம் வந்தது, தறியோடு. கீழே முதல் சேலை, ‘விற்றுவிட்டது’ என்று.

“எப்ப வாங்கின இத?” என்னைக் கேட்டான்.

“நெய்யறதுக்கு முன்னாடிண்ணே.”