பத்து நட்சத்திரத்துக்கு ஒரு வியாழக்கிழமை

திங்கள், மார்ச் 24

காலையில் மழை. குடையைப் பேருந்தில் விட்டாயிற்று.

இன்று முடிவாகிவிட்டது: நட்சத்திரம். கட்டைவிரல் இல்லை. தமிழில் பின்தங்கிய மாணவர்களின் ஏட்டில் எந்த வடிவ ஸ்டிக்கர் ஒட்டுவது என்று ஊக்குவிப்புக் குழு (இனி ஊ.கு.) போன கூட்டத்திலும் இன்றும் விவாதித்தது. பின்னால் வருகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும்: கட்டைவிரலுக்கு ஆதரவு பலமாக இருந்தது. தலைகீழாக ஒட்டினால் என்ன ஆகும் என்று கணித ஆசிரியர் திரு. டான் கேட்டார். நட்சத்திரத்தை எப்படி ஒட்டினாலும் நட்சத்திரம்.

"குட். பிக் ஸ்டெப்," என்றார் தாய்மொழித் துறைத் தலைவர் திருமதி லிம்.

மே மாதம் பள்ளி வாய்மொழித் தேர்வு: காணொளி பார்த்துப் பேச வேண்டும். என் உயர்நிலை மூன்று வகுப்பில் அதில் தவறுகிறவர்கள் எளிய தமிழ்ப் பாடத்திட்டத்துக்கு இறக்கப்படுவார்கள். பெரும்பாலோருக்கு அது விடுதலை. நித்யாவுக்கு இல்லை. பாலர் பள்ளியில் தமிழ் ஆசிரியை ஆகவேண்டும் அவளுக்கு. பாலிடெக்னிக்கில் அந்தப் படிப்புக்கு எளிய பாடத்திட்டம் செல்லாது. தமிழை வைத்து ஏதாவது செய்ய நினைக்கும் பிள்ளையை இங்கே இப்போதுதான் பார்க்கிறேன். எழுத்து சுத்தம். பேசச் சொன்னால் தரையைப் பார்ப்பாள்.

வியாழன், மார்ச் 27

வெயில். கடைவாய்ப் பல் கூசுகிறது. கிளினிக்கில் பதிய வேண்டும்.

பத்து நட்சத்திரம் சேர்ந்தால் என்ன பரிசு? ஊ.கு. பிள்ளைகளையே கேட்டது. பேனா, கேண்டீன் கூப்பன், சினிமா டிக்கெட், 'வேறு'. என் வகுப்பு முழுக்க 'வேறு'. அதற்கு எதிரே எல்லாரும் எழுதியது ஒன்றுதான்: தமிழ் வகுப்பு வேண்டாம். ஒருவன் தமிழிலேயே எழுதியிருந்தான். பிழையில்லை.

சிரிப்பார்கள் என்று நினைத்தேன். ஊ.கு. சிரிக்கும் குழு இல்லை. கூப்பனுக்குச் செலவு, சினிமாவுக்குச் செலவு; இதற்குச் செலவே கிடையாது. ஏற்கப்பட்டது. பத்து நட்சத்திரத்துக்கு ஒரு பாடவேளை விடுப்பு, வியாழன் மட்டும். மற்ற நாள்களில் பாடநூல் நடக்கிறது. வியாழக்கிழமை வெறும் பேச்சுப் பயிற்சி, அதனால் பாடம் எதுவும் விடுபடாது என்கிறார் திருமதி லிம்.

போரில் பதக்கம் கொடுத்த அரசர்களைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். நன்றாகச் சண்டை போட்டவனைப் போரிலிருந்து விடுவித்த அரசன் எவனும் நினைவுக்கு வரவில்லை. கூட்டத்தில் இதைச் சொன்னேன். குறிப்பில் 'தமிழாசிரியர் ஆதரவு' என்று ஏறியிருக்கிறது.

செவ்வாய், ஏப்ரல் 8

திட்டம் வேலை செய்கிறது. பயமாக இருக்கிறது. போன வருடம் பேனாவே கொண்டுவராத அஷ்வின் முழுக் கட்டுரை எழுதிவந்தான்.

"ஐயா, இதுக்கு எத்தனை ஸ்டார்?"

"படிச்சுட்டுச் சொல்றேன்."

"படிக்காமலே குடுங்க லா. எஃபர்ட்டுக்குத்தான் ஸ்டார்னு லிம் மேடம் சொன்னாங்க."

கேண்டீன் நிலவரம்: ஒரு நட்சத்திரத்துக்கு ஒரு கோழி இறக்கை. விற்பவன் அஷ்வின். நித்யா யாரிடமும் வாங்குவதில்லை. எழுதியே சேர்க்கிறாள்.

வியாழன், ஏப்ரல் 17

முதல் விடுப்பு. நித்யா விடுப்புச் சீட்டை என் மேசையில் வைத்தாள்.

"நீ இரும்மா. இன்னிக்குக் காணொளி பார்த்துப் பேசணும். உனக்குத்தான் முக்கியமா வேணும்."

"சார், இது நான் ஏர்ன் பண்ணினது."

வகுப்புக்குள் ஐயா என்பாள், வெளியே சார். சீட்டைக் கொடுத்த கணமே வெளியே போய்விட்டாள் போல.

"மே மாசம் தேர்வு. பேசிப் பாக்காம எப்படி?"

"பேசினா எல்லாரும் பாக்குறாங்க சார்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "மேத்ஸும் பாஸ் பண்ணணுமே, அந்தக் கோர்ஸுக்கு. மிஸ்டர் டான் எக்ஸ்ட்ரா கிளாஸ் வைக்கிறாரு."

சீட்டில் கையெழுத்துப் போட்டேன். போனாள்.

விசாரித்தேன். திரு. டான் அந்த வகுப்பைத் தமிழ் விடுப்புப் பிள்ளைகளுக்காகவே தொடங்கியிருக்கிறார். வருபவர்களுக்குப் பபிள் டீ. கணிதத்துக்கு வந்தால் பரிசு. தமிழுக்கு வராமலிருந்தால் பரிசு. இரண்டையும் ஒரே நேரத்தில் பெறலாம்.

ஞாயிறு, ஏப்ரல் 20

தேக்கா சந்தை. வஞ்சிரம், கறிவேப்பிலை, பூண்டு. காப்பித்தூள் மறந்தது.

சிராங்கூன் சாலையில் நடக்க இடமில்லை. கப்பல் பட்டறைத் தம்பிகள் ஆளுக்கொரு தூணில் சாய்ந்து ஊருக்கு வீடியோ கால். தடையில்லாத தமிழ். யாரும் நட்சத்திரம் வாங்கியதாகத் தெரியவில்லை.

மீன் கடையில் நித்யாவின் அம்மா. தோ பாயோவில் ஒரு கிளினிக்கில் வரவேற்பில் இருக்கிறார்.

"சார், பிள்ளை நிறைய ஸ்டார் வாங்குறாளாமே! அகராதியெல்லாம் எடுத்து வச்சுக்கிட்டு எழுதுறா சார்."

"வீட்டுல தமிழ் பேசுவாளா?"

"நான் தமிழ்ல கேப்பேன், அவ இங்கிலீஷ்ல சொல்லுவா. சண்டைன்னா மட்டும் தமிழ். அப்போ பாக்கணுமே, என்னைப் பேசவே விடமாட்டா."

வாய்மொழித் தேர்வில் சண்டைக்கு மதிப்பெண் இல்லை. வியாழக்கிழமை விடுப்பைப் பற்றிச் சொன்னேன். தேர்வைப் பற்றியும்.

"மேத்ஸுக்குத்தானே சார் போறா? பரவால்ல." யாரிடம் சொல்கிறோம் என்பது ஒரு நொடி கழித்து அவருக்கு உறைத்தது. "தமிழும் முக்கியம்தான் சார்," என்றார். மீனைத் திருப்பிச் செவுளைப் பார்த்தார்.

திங்கள், ஏப்ரல் 28

மழை. புதுக் குடை.

திருமதி லிம்மிடம் கேட்டேன்: நித்யாவுக்கு மட்டும், தேர்வுவரை, விடுப்பை நிறுத்தி வைக்கலாமா? முடியாது. உழைத்துப் பெற்ற பரிசைப் பிடித்துவைத்தால் பிள்ளைக்குப் பள்ளிமேல் நம்பிக்கை போய்விடும். அவர் சொன்னதில் தவறே இல்லை. அதுதான் தொல்லை.

ஆக, அவளை வியாழக்கிழமை வகுப்பில் உட்காரவைக்க ஒரே வழி, சரியாக எழுதியதைத் தவறு என்பது. சிவப்புப் பேனாவோடு வெகுநேரம் இருந்தேன். கட்டுரை நன்றாக இருந்தது. இரண்டு நட்சத்திரம்.

வியாழன், மே 8

பேச்சுப் பயிற்சி. காணொளி: அண்டைவீட்டாரோடு நல்லுறவு. வகுப்பில் மூன்று பேர், நட்சத்திரம் இல்லாதவர்கள். அஷ்வின் தன்னுடையதையெல்லாம் விற்றுத் தின்றுவிட்டான்.

"பக்கத்து வீட்டுல யாரு, அஷ்வின்?"

"ஒரு அங்கிள், ஐயா. காலையில பாடுவாரு. செம மோசமா."

"அவர்கிட்ட நீ என்ன சொல்லுவே?"

"'அங்கிள், பத்து ஸ்டார் தரேன், நீங்களும் லீவு எடுத்துக்குங்க.'"

சிரிப்பு. மணி அடிக்கும்வரை மூவரும் பேசினார்கள், ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டு. இந்த வருடத்தின் நல்ல வகுப்பு. சன்னலுக்கு எதிரே திரு. டானின் அறை. நித்யா குனிந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

செவ்வாய், மே 13

வாய்மொழித் தேர்வு. தேர்வாளர் வேறு பள்ளி ஆசிரியை. நான் வெளியே பெயர் கூப்பிடுகிறவன்.

அஷ்வின் வெளியே வந்தான். "ஈஸி லா ஐயா. பாட்டு அங்கிளைப் பத்திச் சொன்னேன். அவங்க சிரிச்சுட்டாங்க."

அடுத்து நித்யா. கதவு சரியாகச் சாத்தவில்லை.

"இந்தக் காணொளியில என்ன நடக்குது? சொல்லும்மா."

ஏர்கான் சத்தம்.

"தெரிஞ்சதைச் சொல்லும்மா. பயப்படாதே."

ஏர்கான் சத்தம்.

வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது. "எல்லாமே புரிஞ்சுது ஐயா. அந்த வீட்டுக்காரங்க ஏன் சண்டை போட்டாங்கன்னு எனக்குத் தெரியும். எழுதச் சொல்லியிருந்தா எழுதியிருப்பேன்." ஒரு ஆங்கிலச் சொல்கூட இல்லை. மதிப்பெண் போடுகிறவர் கதவுக்கு அந்தப் பக்கம்.

வெள்ளி, மே 23

காலையில் பல் பிடுங்கியாயிற்று. ஊ.கு. கூட்டத்தில் வாயில் பஞ்சோடு. நான் பேசாததை யாரும் கவனிக்கவில்லை.

வீட்டுப்பாடம் ஏறியிருக்கிறது. வருகையும் ஏறியிருக்கிறது, விடுப்பையும் வருகையில் சேர்த்திருப்பதால். திட்டம் வெற்றி. அடுத்த பருவத்திலிருந்து மலாய், சீன வகுப்புகளுக்கும். அதிக நட்சத்திரத்துக்கான சான்றிதழ் நித்யாவுக்கு. தேர்வில் தவறியவர்களில் முதல் பெயரும் அவளுடையதுதான்.

மறுதேர்வு வேண்டும் என்று தாளில் எழுதிக் காட்டினேன். திருமதி லிம் படித்தார். "வி ஸீ ஃபர்ஸ்ட், ஓகே? ஆஃப்டர் ஹாலிடேஸ்." என் பல்லுக்கு வருத்தம் தெரிவித்தார்.

திங்கள், ஜூன் 30

பள்ளி திறந்தது. புகைமூட்டம் லேசாக.

மறுதேர்வு இல்லை. நித்யா எளிய பாடத்திட்டத்தில். அந்த வகுப்பு இங்கே கிடையாது. கேலாங்கில் இன்னொரு பள்ளியில், செவ்வாய்தோறும் மாலை. மேற்படிப்பு விருப்பத்தில் பாலர் பள்ளிப் படிப்பை அடித்துவிட்டுக் கணக்கியல் என்று மாற்றியிருக்கிறாள்.